மெடலுக்கு மாமியார் வீடு கிடையாதா? – கடைமடையார் பதில்கள்

என் பையன் கபடியில் ரெய்டு போகும்போது கோட்டுக்கு வெளியே நின்று நான் கத்திக்கொண்டே இருப்பேன். தப்பா?
– ஓர் அப்பா, ஒரத்தநாடு

ரெய்டுக்கு நேரம் 30 விநாடி. அதற்குள் அவனைப் பிடிக்க உள்ளே ஏழு பேர் நிற்கிறார்கள். எட்டாவது ஆள் எதற்கு?

ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அப்படி என்னதான் இருக்கிறது? பெற்றோர் ஆலாய்ப் பறக்கிறார்களே!
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பாபநாசம்

தமிழ்நாடு அரசு வேலையில் 3 சதவீதம். பொறியியல் கலந்தாய்வில் 500 இடம். எம்.பி.பி.எஸ்.ஸுக்கு ஏழு. ஆமாம், ஏழே ஏழு.

அந்த ஏழை நம்பி எத்தனை பேர் என்று தெரிய வேண்டுமானால் விடிவதற்குள் தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கத்துக்குப் போய்ப் பாருங்கள். ஓடுவது பிள்ளை, மூச்சு வாங்குவது அப்பா.

விளையாட்டு உலகின் மகா மோசமான அப்பா யார்?
– டென்னிஸ் பைத்தியம், பட்டுக்கோட்டை

போட்டி பலம். ஆஸ்திரேலிய வீராங்கனை எலெனா டோகிச்சின் அப்பா டாமிர், 2000 அமெரிக்க ஓப்பனில் சால்மன் மீன் விலை அதிகம் என்று ரகளை செய்து வெளியேற்றப்பட்டவர். 2009இல் ஆஸ்திரேலியத் தூதரை மிரட்டி ஜெயிலுக்கும் போனார்.

ஆனால் முதல் இடம் பிரான்ஸின் கிறிஸ்டோஃப் ஃபோவியோவுக்கு. மகனும் மகளும் ஜெயிக்க வேண்டும் என்று எதிர் ஆட்டக்காரர்களின் தண்ணீர் பாட்டிலில் தூக்கம் வரவைக்கும் மாத்திரையைக் கலந்தார். அப்படி ஆடிவிட்டுக் காரில் திரும்பிய ஓர் இளைஞர் 2003இல் விபத்தில் செத்தே போனார். 2006இல் அப்பாவுக்கு 8 ஆண்டு. அந்த எட்டை நினைவில் வையுங்கள், கீழே வேண்டியிருக்கும்.

நல்ல விளையாட்டுப் பெற்றோரே கிடையாதா?
– செஸ் ரசிகை, மயிலாடுதுறை

உங்கள் ஊரிலிருந்தே ஆரம்பிப்போம். 1969இல் மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்துக்குச் செஸ் சொல்லிக் கொடுத்தது அம்மா சுசீலா. பிரக்ஞானந்தாவின் அம்மா நாகலட்சுமி ரைஸ் குக்கரோடு நாடு நாடாகப் போய் ரசம் சாதம் போட்டார். காயை நகர்த்தச் சொல்லவில்லை. குகேஷின் அப்பா காது, மூக்கு, தொண்டை டாக்டர். பையனோடு சுற்றுவதற்காகத் தொழிலையே ஒதுக்கி வைத்தார்.

தொண்டை டாக்டர் அல்லவா! எப்போது அதை மூடிக்கொள்ள வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

பையன் தோற்றால் அம்பயரைத் திட்டும் கணவரை என்ன செய்வது?
– நொந்த மனைவி, திருக்காட்டுப்பள்ளி

வீட்டுக்கு வந்ததும் சாம்பாரில் உப்பு இல்லை என்று யாரைத் திட்டுகிறார்? அம்பயருக்காவது ஒரு நாளோடு போயிற்று.

மைதானத்தில் அப்பா அதட்டுவதற்கும் ஆட்டக்காரன் செய்யும் பாலியல் குற்றத்துக்குக் கோர்ட் இரக்கம் காட்டுவதற்கும் என்ன சம்பந்தம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சா?
– தர்க்கப் பிரியர், திருவையாறு

முடிச்சு நான் போட்டதல்ல. நட்சத்திர ஆட்டக்காரன் மேல் ஒரு பெண்பிள்ளை புகார் கொடுக்கிறாள் என்று வையுங்கள். அப்பா கேட்பார்: "ஞாயிற்றுக்கிழமை மேட்ச் இருக்கே, சார்?" ஹெட்மாஸ்டர் சொல்வார்: "மேட்ச் முடியட்டும்." சங்கம் சொல்லும்: "செலக்‌ஷன் முடியட்டும்."

இத்தனை பேரும் விட்டுக்கொடுத்த பிறகு நீதிபதி மட்டும் கறாராக இருக்க வேண்டும் என்கிறோம். அவரும் யாருக்கோ அப்பாதானே!

மகனுக்காகக் கோர்ட்டுக்கே கடிதம் எழுதிய அப்பா உண்டாமே?
– தபால்காரர் மகன், தஞ்சாவூர்

உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக நீச்சல் வீரன் பிராக் டர்னர். 2015 ஜனவரியில் ஓர் இரவு, நினைவில்லாமல் கிடந்த பெண்ணிடம் அத்துமீறினான். சைக்கிளில் வந்த இரண்டு சுவீடன் மாணவர்கள் துரத்திப் பிடித்தார்கள். 2016இல் மூன்று குற்றங்கள் நிரூபணம். சட்டப்படி 14 ஆண்டு வரை கொடுக்கலாம். அரசுத் தரப்பு கேட்டது 6 ஆண்டு. நீதிபதி ஆரன் பெர்ஸ்கி கொடுத்தது 6 மாதம். உள்ளே இருந்தது 3 மாதம்.

அப்பா எழுதிய கடிதத்தின் சாரம்: இருபது நிமிஷச் செயலுக்கு இது பெரிய விலை; பையனுக்குப் பிடித்த மாட்டிறைச்சிகூட இப்போது இறங்கவில்லை. மகனுக்குச் சோறு இறங்காதது தெரிந்தவருக்கு, இன்னொரு வீட்டுப் பெண்ணுக்குத் தூக்கம் வருகிறதா என்று கேட்கத் தோன்றவில்லை.

அப்புறம்?
– அதே தபால்காரர் மகன், அடுத்த தபாலில்

அந்தப் பெண் கோர்ட்டில் வாசித்த அறிக்கையைச் சில நாட்களில் ஒரு கோடிப் பேருக்கு மேல் படித்தார்கள். 2019இல் சானல் மில்லர் என்ற தன் பெயரைத் தானே வெளியிட்டுப் புத்தகமும் எழுதினார். நீதிபதியை 2018 ஜூனில் மக்களே ஓட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். கலிஃபோர்னியாவில் ஒரு நீதிபதிக்கு அப்படி நடந்தது 1932க்குப் பிறகு அதுதான் முதல் முறை.

மறு வருஷம் ஒரு பள்ளிக்கூடம் அந்த நீதிபதியை வேலைக்கு எடுத்தது. என்ன வேலை தெரியுமா? மாணவிகளுக்கு டென்னிஸ் கோச்! ஊர் கொதித்ததும் வந்த வேகத்தில் அனுப்பிவிட்டார்கள். இதைச் சிறுகதையாக எழுதியிருந்தால் "நம்பும்படி இல்லை" என்று ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

மேலே சொன்ன அந்த எட்டு?
– ஞாபகசாலி, நீடாமங்கலம்

பலே! பிள்ளைக்காக மாத்திரை கலந்த அப்பாவுக்கு 8 ஆண்டு. பெண்ணைச் சீரழித்த பிள்ளைக்கு 6 மாதம். கடிதம் எழுத ஓர் அப்பா இருந்தால் கணக்கு மாறுகிறது. மாத்திரைக்காரருக்கு அப்பா எழுதவில்லை போலிருக்கிறது.

அதெல்லாம் அமெரிக்காவில். நம் நாட்டில் சட்டம் கடுமை, ஐயா!
– பெருமைக்காரர், மன்னார்குடி

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். 1990 ஆகஸ்ட், ஹரியானாவின் பஞ்ச்குலா. ருச்சிகா என்ற 14 வயது டென்னிஸ் மாணவியிடம் அத்துமீறியவர் மாநில டென்னிஸ் சங்கத் தலைவர் எஸ்.பி.எஸ். ராத்தோர். அவரே போலீஸ் ஐ.ஜி.யும். புகார் கொடுத்தவளைப் பள்ளி நீக்கியது. அவள் சகோதரன் மேல் வரிசையாகக் கார் திருட்டு வழக்குகள். 1993இல் ருச்சிகா விஷம் குடித்து இறந்தாள். ராத்தோர்? டி.ஜி.பி. ஆனார்.

2009 டிசம்பரில் தீர்ப்பு: 6 மாதம், ஆயிரம் ரூபாய் அபராதம். கோர்ட்டை விட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார். நாடு கொதித்த பிறகு மேல்முறையீட்டில் அது 18 மாதம் ஆயிற்று. 2016இல் உச்ச நீதிமன்றம் குற்றத்தை உறுதி செய்தது. வயதைப் பார்த்து, ஏற்கெனவே உள்ளே இருந்த நாட்களே போதும் என்றது.

மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு நாலு நாள் தாமதமானால் நாம் சாலையில் உட்காருகிறோம். அந்த வீட்டுக்குத் தீர்ப்பு வந்து சேர 19 வருஷம். வந்ததோ கணுக்கால் நனையாத அளவு.

ஏன் ஆறே மாதம்? நீதிபதியின் கஞ்சத்தனமா?
– சட்டக் கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பாதிப் பழி சட்டத்துக்கு. அன்றைய இ.பி.கோ. 354இல் அதிகபட்சமே 2 ஆண்டுதான். குறைந்தபட்சம் என்று ஒன்றும் இல்லை. 2013 திருத்தம்தான் அதை 1 முதல் 5 ஆண்டு வரை என்றும், ஜாமீனில் வர முடியாத குற்றம் என்றும் ஆக்கியது. குழந்தைகளுக்கான போக்சோ வந்தது 2012இல்.

ஆக, ருச்சிகாவுக்கு வேண்டியிருந்த சட்டம் வந்துவிட்டது. 22 வருஷம் லேட்.

'போதுமான, சிறப்பான காரணங்கள்' என்று ஒரு சமாசாரம் இருந்ததே?
– வக்கீல் குமாஸ்தா, கும்பகோணம்

அனுபவம் பேசுகிறது! 1983இல் பாலியல் வன்கொடுமைக்குக் குறைந்தபட்சம் 7 ஆண்டு என்று எழுதினார்கள். அதன் கீழேயே, போதுமான, சிறப்பான காரணம் இருந்தால் குறைக்கலாம் என்றும் எழுதினார்கள். காரணங்களுக்கா பஞ்சம்? வயசு சின்னது, கல்யாணம் ஆகிவிட்டது, வயதான அம்மா இருக்கிறார்.

2013இல் அந்த வரியை நீக்கினார்கள். 2018இல் குறைந்தபட்சம் 10 ஆண்டு ஆயிற்று. அந்தச் சந்தில் நுழைந்து தப்பியவர்களில் பலர் இன்று தாத்தா.

முற்போக்கு நீதிபதிகளுமா இப்படி?
– தோழர், திருத்துறைப்பூண்டி

வருத்தத்தோடு சொல்கிறேன் தோழரே, கிருஷ்ணய்யரும். ஜாமீன்தான் விதி, சிறை விதிவிலக்கு என்று 1977இல் சொல்லி ஏழைக் கைதிகளின் வயிற்றில் பால் வார்த்தவர். 1979இல் பூல் சிங் வழக்கில், பாலியல் வன்கொடுமை செய்த 22 வயது இளைஞனின் 4 ஆண்டு தண்டனையை 2 ஆக்கினார். இளமையின் வேகம், திருந்த வாய்ப்பு என்று தீர்ப்பு முழுக்க அவன் கவலை.

பெரிய மனசுதான். அதில் அந்தப் பெண்ணுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கலாம்.

'வருங்காலச் சொத்து' என்று ஒரு கோர்ட் சொன்னதாமே?
– ஐ.ஐ.டி. கனவுக்காரன், வல்லம்

2021 ஆகஸ்ட், குவாஹாட்டி உயர் நீதிமன்றம். சக மாணவியைப் பாலியல் வன்கொடுமை செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ஐ.ஐ.டி. மாணவருக்கு ஜாமீன். முகாந்திரம் தெளிவாக இருக்கிறது, ஆனாலும் இருவருமே மாநிலத்தின் வருங்காலச் சொத்துகள் என்றது உத்தரவு.

ஒரு சொத்து இன்னொரு சொத்தைச் சேதப்படுத்தியது என்பதுதானே ஐயா வழக்கே?

தோலோடு தோல் பட்டால்தான் குற்றம் என்ற தீர்ப்பு நிலைத்ததா?
– துணிக்கடைப் பெண், தஞ்சாவூர்

2021 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை சொன்னது. சட்டைக்கு மேல் தொட்டதால் போக்சோவின் 3 ஆண்டு வராது, 1 ஆண்டு போதும் என்றது. அப்படியானால் கையுறை மாட்டியவன் தப்பிவிடுவானா என்று அட்டர்னி ஜெனரலே கேட்டார். அதே நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. துணிக்கு இவ்வளவு மரியாதை உங்கள் கடையில்கூட இருக்காது.

பெரிய மனுஷர்கள் உட்கார்ந்து பேசி முடித்தால் என்ன? கோர்ட்டு எதற்கு?
– பரம்பரைப் பஞ்சாயத்து, வேதாரண்யம்

2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமே இதைச் செய்து பார்த்தது. கடலூர் மாவட்டப் பாலியல் வன்கொடுமை வழக்கு ஒன்றில் தண்டனை பெற்றவனை ஜாமீனில் விட்டு, அந்தப் பெண்ணோடு சமரசம் பேசச் சொன்னது. பெண் முடியாது என்றார். ஜூலை 1ஆம் தேதி மதன்லால் என்ற வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்தக் குற்றத்தில் சமரசப் பேச்சுக்கே இடமில்லை என்று அடித்துச் சொன்னது. சில நாளில் சென்னை உத்தரவு வாபஸ்.

இன்னொன்று: பாதிக்கப்பட்டது குழந்தை என்றால், தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாதது போக்சோவில் தனிக் குற்றம். ஆறு மாதம் வரை உள்ளே. பள்ளி, சங்கம் என்று நிறுவனத் தலைவரே மறைத்தால் ஓர் ஆண்டு. பேசி முடிக்கப் போகிறவர்கள் மாற்று வேட்டி எடுத்துக்கொண்டு போகட்டும்.

ராக்கி கட்டச் சொன்ன நீதிமன்றமும் உண்டாமே?
– ஒரு தங்கை, சீர்காழி

உண்டு. 2020இல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம். குற்றம் சாட்டப்பட்டவன் புகார் கொடுத்த பெண் வீட்டுக்கே போய் ராக்கி கட்டிக்கொள்ள வேண்டும் என்பது ஜாமீன் நிபந்தனை. 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது. ஜாமீனுக்கு இரண்டு ஜாமீன்தாரர் போதும். ஒரு தங்கை தேவையில்லை.

நம் திருவாவடுதுறை ஆதீனத்தின் செங்கோல் நாடாளுமன்றம் ஏறிய நாளை மறக்க முடியுமா?
– பக்தர், குத்தாலம்

முடியாது. 2023 மே 28. அதே நாள், அதே டெல்லி. மல்யுத்த சம்மேளனத் தலைவர் பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது பாலியல் புகார் சொல்லிப் போராடியவர்கள் புது நாடாளுமன்றத்தை நோக்கி நடந்தார்கள். சாக்‌ஷி மாலிக், வினேஷ் போகாட், பஜ்ரங் புனியா என்று எல்லோரும் நாட்டுக்கு மெடல் வாங்கியவர்கள். போலீஸ் தரையில் தள்ளி வண்டியில் ஏற்றியது.

உள்ளே செங்கோல் நிமிர்ந்து நின்றது. வெளியே மெடல் வாங்கியவர்கள் ரோட்டில் கிடந்தார்கள்.

அந்த வழக்கு என்ன ஆயிற்று?
– பயில்வான் பேரன், கும்பகோணம்

பிரிஜ் பூஷண் எல்லாவற்றையும் மறுக்கிறார். 2023 ஜூனில் குற்றப்பத்திரிகை. 2024 மே மாதம் டெல்லி நீதிமன்றம் குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்தது. சிறுமி தொடர்பான போக்சோ வழக்கு, புகார் திரும்பப் பெறப்பட்டதால் 2025 மே மாதம் முடித்து வைக்கப்பட்டது. நிரூபிக்கப்படும் வரை அவர் நிரபராதி. சட்டம் அப்படித்தான் சொல்கிறது, சரியாகத்தான் சொல்கிறது.

நான் பார்ப்பது வேறு கணக்கு. 2023 டிசம்பரில் அவருக்கு வேண்டியவர் சம்மேளனத் தலைவர் ஆனதும் சாக்‌ஷி ஷூவைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு விளையாட்டை விட்டார். 2024இல் பிரிஜ் பூஷணின் கைசர்கஞ்ச் தொகுதி மகனுக்குக் கிடைத்தது, மகனும் ஜெயித்தார். பிள்ளையை முன்னுக்குக் கொண்டுவர மைதானத்தில் கத்தித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

மனுநீதிச் சோழன் தேரோட்டிய மண்ணிலிருந்து கேட்கிறேன்: அப்பா என்றால் அவரல்லவா அப்பா?
– கல்தேர் காவலன், திருவாரூர்

மெதுவாக, தம்பி. சொந்த மகன் வழக்கை அப்பாவே விசாரிப்பது இன்று செல்லாது. தேர்க்காலில் கிடத்துவதும் என் கட்சி இல்லை. அந்தக் கதையில் நான் பார்ப்பது மகனை அல்ல, மணியை. ஒரு பசுவுக்கு எட்டும் உயரத்தில் கயிறு தொங்கியது.

வேலை செய்யும் இடங்களில் உள்புகார்க் குழு கட்டாயம் என்று 2013 சட்டம் சொல்கிறது. மல்யுத்தப் போராட்டத்தின்போது 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' தேடிப் பார்த்ததில் 30 தேசிய விளையாட்டுச் சங்கங்களில் 16இல் முறையான குழு இல்லை. மணி இருக்கிறது. கயிறு தலைவர் வீட்டில்.

புதுச் சட்டம் வந்துவிட்டதே! இனி எல்லாம் சரியாகிவிடும்?
– நம்பிக்கை நட்சத்திரம், அம்மாபேட்டை

2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் வந்தது. பெண்களையும் சிறார்களையும் காக்கும் கொள்கை வேண்டும், சங்க நிர்வாகக் குழுவில் நாலு பெண்களாவது இருக்க வேண்டும் என்கிறது. நல்லது. நாலு பேர் இருக்கிறார்களா என்று எண்ணுவதோடு விடாதீர்கள். அதில் தலைவரின் மனைவி, மைத்துனி, மருமகள் போக மிச்சம் எத்தனை என்று எண்ணுங்கள்.

விளையாட்டில் இருந்தாலே சலுகைதான் போலிருக்கிறது!
– பொறாமைக்காரர், புதுக்கோட்டை

உங்கள் மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில் விசாரித்தீர்களா? சாந்தி சௌந்தரராஜன், 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. பாலினச் சோதனை என்று சொல்லி மெடலைப் பிடுங்கினார்கள். பின்னர் செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்தார். ஒரு குற்றமும் செய்யாத அவருடைய எதிர்காலத்தை நினைத்து யாரும் கண்ணீர்க் கடிதம் எழுதவில்லை.

சலுகை மெடலுக்கு இல்லை. அது தொங்கும் கழுத்துக்கு.

பொய்ப் புகாரால் ஒரு வீரனின் வாழ்க்கை பாழானால்?
– கிரிக்கெட் வெறியர், நாகப்பட்டினம்

நியாயமான கேள்வி. அதற்குத்தான் விசாரணை. இலங்கையின் தனுஷ்க குணதிலக 2022 நவம்பரில் சிட்னியில் கைதானார். 2023 செப்டம்பரில் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. விளையாடத் தடையும் நீங்கியது. நேபாளத்தின் சந்தீப் லமிச்சானேவுக்கு 2024 ஜனவரியில் 8 ஆண்டு தண்டனை. மே மாதம் மேல்நீதிமன்றம் விடுவித்தது. ஜூனில் உலகக் கோப்பையில் பந்து வீசினார்.

விசாரித்து விடுதலையானவர் தலை நிமிர்ந்து வரலாம். எனக்குப் பயம், விசாரணையே இல்லாமல் தலை நிமிர்ந்து வருகிறவர்களைப் பார்த்துத்தான்.

மைக் டைசன் தண்டனை அனுபவித்துவிட்டுத்தானே வந்தார்? ரசிகர்கள் மன்னித்தால் தப்பா?
– ஜிம் மாஸ்டர், தஞ்சாவூர்

பாலியல் வன்கொடுமைக்கு 1992இல் 6 ஆண்டு. 1995இல் வெளியே வந்தார். மறுபடி சாம்பியன் ஆனார். நம் நாட்டுச் சினிமாவிலும் வந்து போனார். ரசிகன் டிக்கெட் வாங்கலாம், விசில் அடிக்கலாம். மன்னிப்பு மட்டும் அவன் பாக்கெட்டில் இல்லை. அது அந்தப் பெண்ணிடம் இருக்கிறது.

வேகமான தீர்ப்பு நம் நாட்டில் சாத்தியமே இல்லையா?
– அவசரக்காரர், காரைக்கால்

ஏன் இல்லை? அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவிக்கு 2024 டிசம்பர் 23இல் கொடுமை நடந்தது. 2025 ஜூன் 2இல் தண்டனை: ஆயுள், 30 ஆண்டுக்குக் குறையாமல். ஆறு மாதம்கூட ஆகவில்லை. சரியான தீர்ப்பு.

அந்த ஆள் நடத்தியது பிரியாணிக் கடை. 19 வருஷம் இழுத்தவர் நடத்தியது டென்னிஸ் சங்கம். சட்டத்துக்கு ஓடத் தெரியும். துரத்துவது யாரை என்று பார்த்துக்கொண்டு ஓடுகிறது.

எல்லோரையும் தூக்கில் போட்டால் முடிந்தது கதை! என்ன சொல்கிறீர்?
– கோபக்காரர், முத்துப்பேட்டை

போட்டால் முடிவது கதை மட்டும்தான். தண்டனையை ஏற்றிக்கொண்டே போனால் நீதிபதியின் பேனா தயங்கும், சந்தேகத்தின் பலன் தாராளமாகப் பாயும் என்று சட்டம் படித்தவர்களே எச்சரிக்கிறார்கள். முக்கால்வாசிக் குற்றவாளிகள் சொந்தக்காரன், தெரிந்தவன் என்கிறபோது தூக்கு என்றாலே வீட்டார் புகாரை விழுங்கிவிடுவார்கள்.

எவ்வளவு தண்டனை என்பது இரண்டாம் கேள்வி. கட்டாயம் கிடைக்குமா என்பதுதான் அவன் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி.

சின்ன ஊரில் பிறந்து, அப்பாவுக்குப் பணமும் இல்லாமல் ஜெயிக்க முடியுமா?
– கபடிக்காரன், வடுவூர்

கேட்பது வடுவூரா! 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற கபடி அணியில் உங்கள் ஊர் அபினேஷ் இருந்தாரே. நான்தான் உங்களுக்குக் கேள்வி அனுப்ப வேண்டும்.

ஜெயித்தவனுக்கு ஊரெல்லாம் பிளெக்ஸ் வைக்கிறார்களே, நல்ல பழக்கம்தானே?
– பிளெக்ஸ் பிரிண்டர், பேராவூரணி

மெடல் வாங்கிய பிள்ளை மூலையில் நிற்கிறான். நடுவில் ஆள் உயரத்துக்குக் கும்பிடுகிறவர் யார்? ஒன்றுவிட்ட மாமா. அவர் எந்தப் பிரிவில் ஓடினார்?

பெண்ணைத் தடகளப் பயிற்சிக்கு அனுப்பவே பயமாக இருக்கிறது.
– ஓர் அம்மா, பூதலூர்

பயத்துக்குக் காரணம் இருக்கிறது, தாயே. 2021 மே மாதம் சென்னையில் ஒரு தடகளப் பயிற்சியாளரைப் போக்சோவில் கைது செய்தார்கள். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் டாக்டர் லாரி நாசரோ பெற்றோர் அறைக்குள் இருக்கும்போதே, மறைத்து நின்றுகொண்டு சிகிச்சை என்ற பெயரில் அத்துமீறியவர். 2018 ஜனவரியில் 150க்கு மேற்பட்ட பெண்கள் கோர்ட்டில் ஒவ்வொருவராகப் பேசினார்கள். நீதிபதி ரோஸ்மேரி அக்கிலினா அத்தனையும் கேட்டுவிட்டு 40 முதல் 175 ஆண்டு என்றார்.

பெண்ணை அனுப்புங்கள். தசைப்பிடிப்பு, மசாஜ் என்றால் கதவு திறந்திருக்கட்டும், கூட ஒரு பெண் இருக்கட்டும். வெளியூர்ப் போட்டியில் யார் எந்த அறை என்று முன்கூட்டியே கேளுங்கள். ஒரு நாள் "இனிமேல் போக மாட்டேன்" என்றால் "சோம்பேறி" என்று சொல்லாதீர்கள். "ஏன்?" என்று கேளுங்கள். அதட்டும் வீட்டில் அந்த ஒரு வார்த்தைதான் கிடைப்பதில்லை.

கோச்சைப் பற்றிச் சொன்னால் அப்பா என் விளையாட்டையே நிறுத்திவிடுவார். என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், ஒன்பதாம் வகுப்பு

இதற்கு விளையாட்டாகப் பதில் சொல்ல மாட்டேன், கண்ணு. 1098க்குப் போன் செய். குழந்தைகளுக்கான எண், காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள். அம்மா, டீச்சர், அத்தை, யாரை நம்புகிறாயோ அவரிடமும் சொல். தப்பு உன்னுடையது இல்லை.

இனி அப்பாவுக்கு: ஐயா, கை வைத்தவன் அடுத்த ஊரில் விசில் ஊதிக்கொண்டு நிற்பான், உங்கள் மகள் வீட்டில் பாத்திரம் துலக்குவாள். நீதிபதிகள் தண்டனையைக் குறைக்கிறார்கள் என்று கோபப்படுகிறீர்கள். உங்கள் கோர்ட்டில் குற்றவாளிக்கு விடுதலை, புகார் சொன்னவளுக்கு ஆயுள்.

என் மகன் நல்ல வீரனாக வர ஒரே ஒரு யோசனை சொல்லும்!
– இன்னோர் அப்பா, ஒரத்தநாடு

தோற்கும்போது அம்பயரைக் காட்டாதீர்கள். ஜெயிக்கும்போது அவனுக்கு மட்டும் தனி விதி போடாதீர்கள். இந்த இரண்டும் பழகாத பிள்ளைக்காகப் பின்னாளில் நீங்கள் கோர்ட்டுக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்காது.

எல்லாம் தெரிந்தவரே, உமக்கு ஏதாவது மெடல் உண்டா?
– வம்பன், தஞ்சாவூர்

பள்ளிக்கூடத்தில் ஸ்லோ சைக்கிள் ரேஸில் மூன்றாம் பரிசு. அப்பா பார்க்க வரவில்லை. வந்திருந்தால் "வேகமா மிதிடா!" என்று கத்தியிருப்பார்.